கோப்பை கிடையாது, பாடம் உண்டு

முதல் பரிசு இல்லாமல் ஒரு பள்ளி இசை விழா நடக்குமா? ‘எசென்ஷியலி எலிங்டன்’ வட்டார ஜாஸ் விழாக்கள் அப்படித்தான் நடக்கின்றன.

‘விப்லாஷ்’ படம் பார்த்தவர்கள் அந்த சிம்பல் கதையை மறந்திருக்க மாட்டார்கள். நியூயார்க்கில் ஓர் இசைக் கல்லூரி. மொட்டைத் தலை, கறுப்பு டி-ஷர்ட், எந்த நேரம் கை நீளும் என்று சொல்ல முடியாத ஆசிரியர். சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் சின்னப் பையனாக இருந்தபோது மேடையில் சொதப்பினான், டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் அவன் தலையைப் பார்த்து சிம்பலை வீசினார், அந்த அவமானம்தான் அவனை மேதை ஆக்கியது என்று அவர் சொல்வார். மாணவனை அறையவும் நாற்காலியைத் தூக்கி எறியவும் அவருக்கு அந்தக் கதைதான் லைசென்ஸ். 2014-ல் வெளியான அந்தப் படத்துக்காக ஜே.கே.சிம்மன்ஸ் ஆஸ்கர் வாங்கினார். இயக்குநர் டேமியன் சஸல் பள்ளி நாட்களில் ஜாஸ் பேண்டில் டிரம்ஸ் வாசித்தவர். அன்று வயிற்றில் இருந்த பயம்தான் படமாயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நடந்தது வேறு. கன்சாஸ் சிட்டியின் ரெனோ கிளப்பில், 1936 வாக்கில், ஓர் இரவு. கவுன்ட் பேஸி குழுவினரோடு வாசிக்க மேடை ஏறிய பார்க்கருக்குப் பதினைந்து, பதினாறு வயது. நடுவில் பாட்டின் போக்கைத் தவறவிட்டார். ஜோ ஜோன்ஸ் சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் போட்டார். பெரிய சத்தம், சுற்றிலும் சிரிப்பு, அவ்வளவுதான். அங்கே இருந்த பேஸ் கலைஞர் ஜீன் ரேமி பிற்காலத்தில் சொன்னதும் இதையே. தலைக்கு நேராக எதுவும் பறக்கவில்லை.

இதற்கு அடுத்த பகுதியைத்தான் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 1937 கோடையில் ஜார்ஜ் லீயின் பேண்டோடு ஓசார்க் மலைப் பகுதிக்கு வாசிக்கப் போனார் பார்க்கர். கையோடு சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளை எடுத்துப் போனார். அவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டு, யங் வாசித்த ஒவ்வொரு வரியையும் காதால் பிடித்துத் தன் சாக்ஸபோனில் ஏற்றினார். அதே குழுவில் இருந்த கிட்டார் கலைஞர் எஃபர்ஜ் வேர், ‘கார்டு’ எனப்படும் ஒரு ஸ்வரக் கூட்டிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். கோடை முடிந்து கன்சாஸ் சிட்டிக்குத் திரும்பியவரின் வாசிப்பைக் கேட்டு, சிரித்த ஊரே அசந்துபோனது.

சிம்பல் விழுந்தது ஒரு நொடி. கிட்டார்காரர் சொல்லிக்கொடுத்தது ஒரு கோடை முழுவதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜாஸ் சொல்லித்தர நினைக்கிறவர்கள் இந்த இரண்டில் எதைக் கையில் எடுப்பது? அமெரிக்காவில் இந்த விவாதம் பல காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு வந்த பதில்களில் ஒன்று, போட்டியே இல்லாத விழா.

கடைக்காரர்கள் வைத்த போட்டி

அமெரிக்கப் பள்ளி பேண்டுகளின் போட்டிப் பழக்கம் வகுப்பறையில் பிறந்ததல்ல. முதல் உலகப் போர் முடிந்து, ராணுவ பேண்டுகளுக்கான கிராக்கி குறைந்திருந்த நேரம். டிரம்பெட்டும் டிராம்போனும் செய்து விற்கும் கம்பெனிகளுக்குப் புதிய வாடிக்கையாளர்கள் வேண்டும். பள்ளிகளை விட்டால் வேறு யார்? 1923-ல் சிகாகோவில் முதல் தேசியப் பள்ளி பேண்டு போட்டி நடந்தது. பின்னால் நின்று நடத்தியவர்கள் இசைக்கருவித் தயாரிப்பாளர்கள். ஒஹையோ மாநிலத்தின் ஃபாஸ்டோரியா ஊர்ப் பள்ளி முதலிடம் பிடித்தது. அதன்பின் ஊருக்கு ஊர் பேண்டு, மாநிலத்துக்கு மாநிலம் போட்டி.

முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்துவதில் உள்ள சிக்கல் சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1930-களிலேயே பல போட்டிகள் இடம் கொடுப்பதை விட்டுத் தரம் கொடுக்கும் முறைக்கு மாறின. நன்றாக வாசித்தால் எத்தனை பேண்டுகள் வேண்டுமானாலும் முதல் தரம் வாங்கலாம். இன்றும் பல விழாக்களில் பேண்ட் மாஸ்டர் விண்ணப்பப் படிவத்தில் ‘கமென்ட்ஸ் ஒன்லி’ என்ற கட்டத்தில் டிக் அடிக்கலாம். மதிப்பெண் வேண்டாம், குறை நிறை சொன்னால் போதும் என்று அர்த்தம்.

இதில் ஜாஸ் நுழைந்தது தாமதமாக. வட டெக்சஸ் கல்லூரி 1947-ல் அமெரிக்காவிலேயே முதன்முறையாக ஜாஸில் பட்டப்படிப்பு தொடங்கியபோது, சான்றிதழில் ‘ஜாஸ்’ என்று போடத் துணியவில்லை. ‘நடன பேண்டு’ என்றுதான் போட்டார்கள். மதுக்கடையும் இரவு விடுதியும் நினைவுக்கு வரும் சொல்லைப் பெற்றோர் முன்னால் எப்படிச் சொல்வது? பள்ளிகளும் வெகுகாலம் ‘ஸ்டேஜ் பேண்ட்’ என்றே சொல்லிச் சமாளித்தன. ஒருவழியாக ஜாஸ் என்ற பெயரோடே உள்ளே வந்தபோது, அதற்காகத் திறந்திருந்த வாசல் ஏற்கெனவே இருந்த போட்டி மேடைதான்.

தபாலில் வந்த எலிங்டன்

1995-ல் நியூயார்க்கின் ‘ஜாஸ் அட் லிங்கன் சென்டர்’ ஒரு காரியம் செய்தது. அதன் கலை இயக்குநர் டிரம்பெட் கலைஞர் வின்டன் மார்சாலிஸ். ஜாஸ் இசையமைப்பாளரும் பேண்டுத் தலைவருமான டியூக் எலிங்டனின் இசையைப் பள்ளிகளுக்கு அசல் வடிவத்தில் அனுப்புவது என்று முடிவானது. திட்டத்தின் பெயர் ‘எசென்ஷியலி எலிங்டன்’.

‘அசல் வடிவம்’ என்பதுதான் இதில் கனமான வார்த்தை. எலிங்டன் எழுதியதெல்லாம் அவருடைய சொந்த ஆட்களுக்காக. அவர் தாளில் பல நேரம் கருவியின் பெயருக்குப் பதில் ஆளின் பெயரே இருக்கும். பேரிடோன் சாக்ஸபோன் என்றால் ஹாரி கார்னி. 1927-ல் பதினேழு வயதில் வந்து சேர்ந்த கார்னி, 1974-ல் எலிங்டன் இறக்கும்வரை கூடவே இருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அவரும் போய்விட்டார். அப்படிப்பட்ட குழுவின் இசை கடையில் அச்சுப் புத்தகமாகக் கிடைக்காது. கிடைத்தவையும் பெரும்பாலும் சுலபமாக்கப்பட்ட நகல்கள். டேவிட் பெர்கர் போன்றவர்கள் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு, பதினைந்து பேர் வாசிப்பதையும் தனித்தனியாகப் பிரித்து எழுதினார்கள். ஒத்திகை எப்படி நடத்துவது என்ற குறிப்போடு அந்தத் தாள்கள் பள்ளிகளுக்குப் போயின. விலை கிடையாது.

முதலில் நியூயார்க் வட்டாரப் பள்ளிகள், பிறகு நாடு முழுவதும், அப்புறம் எல்லை தாண்டி. எலிங்டனோடு கவுன்ட் பேஸி, பென்னி கார்ட்டர், மேரி லூ வில்லியம்ஸ் என்று பட்டியலும் நீண்டது.

இந்தத் திட்டத்துக்கு இரண்டு முகம். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: மே மாதம் நியூயார்க்கில் நடக்கும் இறுதிப் போட்டி. ஒலிப்பதிவு அனுப்பி, வடிகட்டலில் தேறி வழக்கமாகப் பதினைந்து பேண்டுகள் வரும். 2025-ல் முப்பதாம் ஆண்டு என்பதால் முப்பது பேண்டுகள். அமெரிக்காவுக்கு வெளியிலிருந்தும் வந்தார்கள். இந்தப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்களை வைத்து 2007-ல் ‘சாப்ஸ்’ என்றொரு ஆவணப்படமே வந்திருக்கிறது.

இன்னொரு முகம் வெளியே அதிகம் பேசப்படாதது. அமெரிக்காவின் பல ஊர்களிலும் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் நடந்துவரும் வட்டார விழாக்கள். எந்தத் தரத்துப் பள்ளி பேண்டும் வரலாம். வடிகட்டல் இல்லை, இடம் அறிவிப்பதில்லை. வாசிக்க வேண்டும், கேட்க வேண்டும், கற்க வேண்டும்.

கிளினிக் என்றால்…

நமக்குக் கிளினிக் என்றால் டாக்டரும் டோக்கனும் மருந்து வாசனையும். ஜாஸ்காரர்கள் இதே சொல்லைத்தான் பயிற்சி வகுப்புக்கு வைத்திருக்கிறார்கள். யோசித்தால் பொருத்தம்தான். பேண்டு வந்து வாசிக்கிறது, எங்கே வலிக்கிறது என்று அனுபவசாலி ஒருவர் தொட்டுப் பார்க்கிறார். தொழில்முறைக் கலைஞரான அவருக்கு ‘கிளினீஷியன்’ என்று பெயர்.

வட்டார விழா நாள் பெரும்பாலும் இப்படிப் போகும். காலையில் ஏதாவதொரு கல்லூரி அரங்கத்தின் பின்வாசலில் மஞ்சள் பள்ளிப் பேருந்துகள் வந்து நிற்கும். தன் உயரத்துக்குச் சற்றே குறைந்த பெட்டியை இழுத்துக்கொண்டு பேரிடோன் சாக்ஸபோன் பெண் இறங்குவாள். ஒரு பேண்டு மேடையில் வாசிக்க, அடுத்த பேண்டு பக்க அறையில் சுருதி சேர்க்க, மற்றவர்கள் அரங்கில் உட்கார்ந்து கேட்பார்கள். போட்டிகளில் இந்தக் கடைசிக் காரியம் அரிதாகத்தான் நடக்கும். எதிராளி வாசிப்பதைக் கேட்டால் பதற்றம் கூடும் என்று தாழ்வாரத்திலேயே நின்றுவிடுவார்கள். இங்கே எதிராளியே இல்லை. பக்கத்து ஊர் டிராம்போன் பையன் நன்றாக வாசித்தால் கைதட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அவனிடமே போய் எப்படிச் செய்தாய் என்று கேட்கலாம்.

வாசித்து முடித்த பேண்டு அப்படியே மேடையில் இருக்க, கிளினீஷியன் ஏறி வருவார். உண்மையான நிகழ்ச்சி இங்கேதான் தொடங்குகிறது.

எலிங்டனின் ‘மூட் இண்டிகோ’வை எடுத்துக்கொள்வோம். 1930-ல் வந்த மெதுவான பாட்டு. டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட் மூன்றும் சேர்ந்து தொடங்கும். வழக்கப்படி கிளாரினெட் உச்சத்தில், டிரம்பெட் நடுவில், டிராம்போன் அடியில் இருக்க வேண்டும். எலிங்டன் தலைகீழாக்கினார். டிராம்போனை அதன் எல்லையின் மேல்பகுதிக்கு ஏற்றி, வாயை மூடி, டிரம்பெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கிளாரினெட்டை எங்கோ கீழே, மரக்குரலில், தனியாக இறக்கிவிட்டார். மூன்று கருவியும் சேர்ந்து நாலாவதாக ஒரு கருவி ஒலிப்பதுபோல இருக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கும்போது இதில் முதலில் கெடுவது அளவு. டிரம்பெட் முந்திக்கொள்ளும், டிராம்போன் பயத்தில் திணறும், கிளாரினெட் காணாமல் போகும். போட்டி நடுவர் தாளில் ‘பேலன்ஸ்’ என்ற கட்டத்தில் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த பேண்டுக்குப் போயிருப்பார். கிளினீஷியனுக்கு அந்த அவசரம் இல்லை. மற்ற எல்லோரையும் கருவியைக் கீழே வைக்கச் சொல்லி, மூவரை மட்டும் முன்னால் அழைத்து நெருக்கமாக, முகத்துக்கு முகம் பார்க்க நிற்கவைக்கலாம். முதலில் கருவி வேண்டாம், வாயால் பாடுங்கள் என்பார். பிறகு கிளாரினெட் மட்டும். அதன்மேல் டிராம்போன். கடைசியாக டிரம்பெட், கிளாரினெட் காதில் விழாவிட்டால் உன் சத்தம் அதிகம் என்று அர்த்தம், குறை என்பார். நாலாவது முறை அந்த மூன்று குரலும் ஒட்டும் நொடியில், பின்னால் சும்மா உட்கார்ந்திருக்கும் டிரம்ஸ் பையன் முகத்திலும் ஒரு மாற்றம் தெரியும். அரங்கில் இருக்கும் இன்னொரு பள்ளியும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருவருக்கு நடந்த பாடம் நூறு பேருக்குப் போய்ச் சேர்கிறது.

சத்தத்தின் அளவும் ஒரு பாடம். எலிங்டன் தாள்களோடு வரும் குறிப்புகள் குழுவை நெருக்கமாக உட்காரச் சொல்கின்றன. பேஸின் ஆம்ப்ளிஃபயரைத் தணிக்கச் சொல்கின்றன. சத்தம் குறைந்தால் ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்கும். கேட்டால்தான் லயம் கூடும். ‘ஸ்விங்’ என்கிற அந்த நடை தாளில் எழுதிவைத்து வருவதும் இல்லை. தாளில் இரண்டு சம ஸ்வரங்கள் இருக்கும். வாசிக்கும்போது முதலாவது நீண்டு, இரண்டாவது குறுகும். திஸ்ர நடையில் நடு எழுத்தை விழுங்கிய மாதிரி என்று கிட்டத்தட்டச் சொல்லலாம். எவ்வளவு விழுங்குவது என்பது பாட்டின் வேகத்தைப் பொறுத்தது, ஆளைப் பொறுத்தது. அதைப் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டத்தான் முடியும்.

பிளம்பர் கடைச் சாமான் ஒன்றும் கட்டாயம் இருக்கும். கழிவறை அடைப்பு எடுக்கிற குச்சியின் ரப்பர் கிண்ணத்தைத் தனியே கழற்றி, டிரம்பெட்டின் வாயில் வைத்து மூடித் திறந்தால் கருவி மனிதக் குரலில் முனகும், அழும், கேலி செய்யும். எலிங்டன் குழுவில் பபர் மைலி, ‘ட்ரிக்கி சாம்’ நான்டன், கூட்டி வில்லியம்ஸ் மூவரும் இதில் மன்னர்கள். எந்தக் கோணத்தில் பிடிப்பது, எந்த விரலால் அழுத்துவது என்பதெல்லாம் இன்றும் கைமாறிக் கைமாறி வருகிற வித்தை.

போட்டிக்கும் ஒரு நியாயம் உண்டு

இதைக் கேட்டுவிட்டுப் போட்டியே பாவம் என்று முடிவு கட்டினால் ஜாஸின் வரலாறே எழுந்து நின்று ஆட்சேபிக்கும். கன்சாஸ் சிட்டியிலும் ஹார்லெமிலும் விடிய விடிய நடந்த ‘கட்டிங் கான்டெஸ்ட்’கள் ஒருவரை ஒருவர் வாசித்துத் தோற்கடிக்கும் மல்யுத்தங்கள். 1934 நவம்பரில் ஹார்லெமின் அப்பல்லோ தியேட்டரில் நடந்த அமெச்சூர் போட்டியில் முதல் பரிசு வாங்கிய பதினேழு வயதுப் பெண்தான் பிற்காலத்தில் ஜாஸின் பெரும் பாடகியான எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட்.

பள்ளிக்கும் போட்டியால் ஆதாயம் இருக்கிறது. சியாட்டில் நகரின் கார்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளி, குவின்சி ஜோன்ஸும் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் படித்த இடம். அங்கே 1971 முதல் பேண்டு நடத்திய கிளாரன்ஸ் ஏகாக்ஸின் பிள்ளைகள் நியூயார்க் இறுதிப் போட்டியில் நான்கு முறை முதலிடம் வாங்கினார்கள். அதே ஊரின் ரூஸ்வெல்ட் பள்ளியும் பலமுறை வென்றிருக்கிறது. கோப்பை வந்தால் நாளிதழில் படம் வரும், பெற்றோர் நிதி திரட்டுவார்கள், பட்ஜெட் வெட்டும் நாளில் பேண்டைத் தொட நிர்வாகம் யோசிக்கும். தேதி குறித்த போட்டி ஒன்று முன்னால் இருந்தால் சோம்பேறியும் சாதகம் செய்வான்.

ஆனால் அந்தக் கோப்பைக்கு ஆகும் செலவு எல்லாப் பள்ளிக்கும் கட்டுப்படியாகாது. தனி டியூஷன், நல்ல கருவி, அழைத்து வரும் சிறப்புப் பயிற்சியாளர், விமான டிக்கெட் எல்லாம் சேர்ந்ததுதான் இறுதிச் சுற்று. கலைக்கென்றே தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளியும், கிடைத்த பதினோரு பேரை வைத்து வண்டி ஓட்டும் கிராமத்துப் பள்ளியும் ஒரே தாளில் மதிப்பெண் வாங்கினால், அந்த எண் பிள்ளைகளின் காதைப் பற்றிச் சொல்வதைவிடப் பெற்றோரின் பணப்பையைப் பற்றி அதிகம் சொல்லும். இன்னொரு சேதம் நுட்பமானது. போட்டிக்கு மூன்று பாட்டு என்றால், ஆறு மாதம் அந்த மூன்று பாட்டுதான். தவறு நேராமல் இருக்க வேண்டும் என்பதால் சோலோ வாசிக்கும் பையன் அன்றைக்குத் தோன்றியதை வாசிக்காமல், எழுதி மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பான். மனோதர்மத்தை நம்பி நிற்கும் இசைக்கு இதைவிட என்ன கேடு வேண்டும்?

வட்டார விழாவில் இந்தப் பயம் இல்லை. பதினோரு பேர் பேண்டு இரண்டு டிரம்பெட் குறைவோடு வந்தாலும், இருப்பதை வைத்து எப்படிச் சமாளிப்பது என்பதே அன்றைய பாடமாகிவிடும். முதல்முறை சோலோ எடுக்கும் பெண் நடுவில் நின்றுபோனால், கிளினீஷியன் அந்த இடத்திலிருந்தே மறுபடி தொடங்கச் சொல்வார்.

ஏற்பாட்டாளர்களுக்கும் இது புரியாமல் இல்லை. நியூயார்க் இறுதிப் போட்டியிலேயேகூட இந்த வாடை வீசுகிறது. தேர்வான பேண்டுகளுக்கு முன்கூட்டியே அவரவர் பள்ளிக்கே ஒரு தொழில்முறைக் கலைஞரை அனுப்பிப் பயிற்சி தருகிறார்கள். போட்டி நாட்களில் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளையும் கலந்து ஜாம் செஷன் வைக்கிறார்கள். உச்சியில் போட்டி, அடிவாரத்தில் போட்டியில்லாத விழா, இரண்டையும் இணைக்கும் ஏணியாகக் கிளினிக். பரிசு வாங்காத எண்ணற்ற பேண்டுகளைத் தாங்குவது அந்த அடிவாரம்தான்.

பரிசு மறுக்கப்பட்டவர்

எலிங்டன் பெயரில் இது நடப்பதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. 1965-ல் புலிட்சர் பரிசின் இசைக் குழு அவருக்குச் சிறப்புக் கௌரவம் தரச் சொல்லிப் பரிந்துரைத்தது. மேலே இருந்த வாரியம் மறுத்துவிட்டது. கோபத்தில் மூன்று நடுவர்களில் இருவர் ராஜினாமா செய்தார்கள். எலிங்டனுக்கு அப்போது வயது 66. அந்தக் கௌரவம் வந்தது 1999-ல், அவர் பிறந்து நூறு ஆண்டு ஆனபோது, இறந்து 25 ஆண்டு கழித்து. இடையில் 1997-ல் ஜாஸ் படைப்புக்கான முதல் புலிட்சரை வாங்கியவர் வின்டன் மார்சாலிஸ்.

எலிங்டனுக்கு நம் ஊரும் தெரியும். 1963-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை அவரையும் குழுவையும் கீழைநாடுகளுக்கு அனுப்பியபோது டெல்லி, பம்பாய் மட்டுமல்லாமல் மெட்ராஸுக்கும் இலங்கைக்கும் வந்தார்கள். நவம்பரில் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதால் பயணம் பாதியில் நின்றது. அந்தப் பயணத்தின் நினைவில் அவரும் அவருடைய கூட்டு இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்னும் எழுதிய ‘ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்’ 1967-ல் வெளியானது. அதற்கும் முன்னால், 1958-ல், பியானோ கலைஞர் டேவ் புரூபெக் மெட்ராஸில் மிருதங்க வித்வான் பழனி சுப்ரமணிய பிள்ளையோடு உட்கார்ந்து வாசித்தார். அங்கே நடுவர் யாரும் இல்லை. ஒருவர் வாசித்ததை மற்றவர் கேட்டு, அதற்குப் பதில் வாசித்தார்கள். கிளினிக்கில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முயல்வதும் அதைத்தான்.

சார்லி பார்க்கர் கதையில் இன்னும் ஒரு துண்டு பாக்கி இருக்கிறது. ஓசார்க் கோடைக்குப் பிறகு அவர் நியூயார்க் போனார். ஹார்லெமில் ‘ஜிம்மிஸ் சிக்கன் ஷாக்’ என்ற சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கடையில் அப்போது பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர் ஜாஸின் மாபெரும் பியானோ மேதைகளில் ஒருவரான ஆர்ட் டேட்டம்.